பட்டினியும் காக்கை வலிப்பும்

காக்கை வலிப்பைப் பண்டைக் கிரேக்கர் தெய்வ நோய் என்றனர். கி. மு. 400ஆம் ஆண்டளவில் எழுந்ததும் இப்போக்கிரட்டீஸின் பெயரால் வழங்குவதுமான நூலொன்று அக்கொள்கையை மறுத்தது. ஏனைய நோய்களைப் போலவே இதற்கும் இயற்கைக் காரணம் உண்டு. அது மூளையில் உள்ளது என்று அந்நூல் கூறிற்று. உணவை ஒறுத்தல் இந்நோயைத் தணிக்கும் என்னும் கருத்தும் அக்காலந்தொட்டே வழங்கிவந்தது.

அக்கருத்தை முறையாகச் சோதித்து வெளியிட்டோர், 1911இல் பாரிஸ் நகரிலிருந்த குவெல்ப்பா, மாரி என்னும் வைத்தியர் இருவராவர். பட்டினியால் வலிப்புத் தணிந்தது உண்மையே. ஆயினும், உணவு தொடங்கியதும் பெரும்பாலும் அது மீண்டது. வளரும் பிள்ளையை எத்தனை நாள் பட்டினியிடுவது?

இவ்வினாவிற்கு 1921இல் அமெரிக்காவில் விடை பிறந்தது. பட்டினி கிடப்போர் உடலில் ஈரலானது கொழுப்பைச் சிதைத்துக் கீற்றோன் உடலங்கள் என்னும் பொருள்களை ஆக்குகின்றது. மாப்பொருளையும் சீனியையும் குறைத்துக் கொழுப்பை மிகுதியாக உண்போரிடத்தும் இவை தோன்றும் என வூட்யாற் என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். பட்டினியின் பயன் இப்பொருள்களால் விளைவதாயின், பிள்ளைக்கு உணவூட்டியே அப்பயனைப் பெறலாமன்றோ? இவ்வாறு கருதியவர் மினசோற்றா மாநிலத்து மாயோ வைத்தியநிலையத்தைச் சேர்ந்த றசல் வைல்டர் ஆவார். அந்நிலையத்துப் பீற்றர்மன் என்பவர் பின்னர் அளவுகளை வகுத்தார். உடல் நிறையில் கிலோகிராம் ஒன்றுக்குப் புரதம் 1 கிராம். மாப்பொருளும் சீனியுமாக நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம். எஞ்சியது முழுவதும் கொழுப்பு.

1938இல் பெனிற்றோயின் என்னும் மருந்தின் பயன் வெளியாயிற்று. ஒவ்வொரு வேளையும் நிறுத்து அளந்து சமைப்பதினும் மாத்திரை விழுங்குதல் எளிது. ஆதலின் அவ்வுணவு முறை மெல்ல மெல்லக் கைவிடப்பட்டது. மருந்துக்கு அடங்காத வலிப்புடைய பிள்ளைகளோ அப்பொழுதும் இருந்தனர். அவர்களுக்கு உதவக்கூடியதை அறிந்தோர் அருகினர்.

நீண்ட பட்டினியில் மூளையானது குளுக்கோசுக்கு ஈடாகக் கீற்றோன் உடலங்களையே பெரிதும் எரிபொருளாகக் கொள்ளுகின்றது என்பது 1967இல் தெளிவாயிற்று. 1990களில், பெற்றோர் சிலரின் முயற்சியால் பழைய உணவு முறை மீண்டும் கவனத்துக்கு வந்தது. மருந்துக்கு அடங்காத வலிப்புடைய 145 பிள்ளைகளைக் கொண்டு இங்கிலாந்தில் நடைபெற்ற ஆய்வொன்று 2008இல் வெளியாயிற்று. மூன்று மாதத்தின் பின், இவ்வுணவை உண்டோருள் நூற்றுக்கு 38 பேருக்கு வலிப்புப் பாதிக்குமேற் குறைந்திருந்தது. உண்ணாதோருள் நூற்றுக்கு 6 பேருக்கே அவ்வாறு குறைந்தது.

கீற்றோன் உடலங்கள் வலிப்பைத் தடுக்கும் வகை குறித்து அறிஞர் பல விளக்கங்கள் கூறுவர். இவ்வுணவு, வைத்தியரின் மேற்பார்வையின்றிக் கைக்கொள்ளத்தக்கதன்று, எல்லார்க்கும் பயன்படுவதுமன்று. எனினும், பலருக்குப் பயன்படும் புதியதொன்று வந்தவிடத்து, அது பயன்படாத சிலரை மறந்துவிடலாகாது என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.