தசையும் நரம்புக்குச் செய்தி அனுப்புகிறது

ஷெல் துண்டு நரம்பை அறுத்தால் தசை சூம்பிப்போவதை எங்களில் பலர் நேரில் கண்டிருக்கிறோம். ஆனால், தசையுடனான தொடர்பை இழந்த நரம்பும் மாறுகிறது.

தசையைச் சுருங்கச் செய்ய இயக்க நரம்புக் கலங்கள் அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தை வெளிவிடுகின்றன. அதைத் தயாரிப்பது கோலின் அசற்றைல்ரான்ஸ்பெரேஸ் என்ற நொதியம். 1973இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சுண்டெலியின் முண்ணாண் கலங்களைத் தசைக் கலங்களுடன் சேர்த்து வளர்த்தனர். தனியே வளர்த்ததைவிட அந்த நொதியத்தின் செயற்பாடு அதிகரித்திருந்தது. தசை சுரக்கும் வளர்ச்சிக் காரணிகள் நரம்பிழை வழியே முண்ணாணுக்குச் சென்று அங்குள்ள கலத்தைப் பேணுகின்றன.

நரம்பு அறுந்தால் இந்தச் செய்தி நின்றுவிடும், நொதியமும் குறையும். நரம்பு மீண்டும் தசையை அடைந்தால் அது படிப்படியாக மீளும். ஆனால் நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றரே வளரும். தோளில் அறுந்தது விரலை எட்ட ஒரு வருடத்துக்கும் மேலாகும். நீண்டகாலம் நரம்பில்லாத தசையோ நார்த்திசுவாகிவிடும்.

எனவே புண் ஆறிய பின்னும் கை, கால் அசையாவிட்டால் தாமதிக்காமல் சத்திரசிகிச்சை நிபுணரிடம் காட்டவேண்டும். இயன்மருத்துவப் பயிற்சி மூட்டுகள் இறுகாமல் காக்கும். வருடங்கள் கடந்தவர்களிலும் சிலருக்கு, இயங்கும் தசையின் நாணை இடம்மாற்றிப் பொருத்தும் சத்திரசிகிச்சையால் ஓரளவு அசைவை மீளப் பெறலாம்.