நாற்பது லட்சம் விற்ற தோல்வி!

1979, ஜூன் மாதம். லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள டாட்ஜர் ஸ்டேடியம். பேஸ்பால் ஆட்டம் நடக்கும் இடம். 56,000 பேர் உட்காரலாம். அன்றைக்கு ஈ, காக்கை கிடையாது! மைதானத்தில் மட்டும் தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பாண்டு வாத்தியக் கோஷ்டி – 112 மாணவர்கள் – ட்ரம்பெட்டும் முரசுமாக வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே ஒட்டடைக்குச்சி போல உயரமான தாடிக்காரர் ஒருவர் உற்சாகமாக நடமாடிக்கொண்டிருந்தார். அவர் கையில் ஒரு மனிதர்... பயந்துவிடாதீர்கள், அட்டையில் வெட்டிய ஆளுயரப் போட்டோதான்! அசல் ஆசாமி அந்த நேரம் டஹிடி தீவுப் பக்கம் கடலில் உல்லாசமாக இருந்தார்.

தாடிக்காரர் பெயர் மிக் ஃப்ளீட்வுட். அட்டை ஆசாமி, ஜான் மெக்வீ. இந்த இருவர் பெயரையும் ஒட்டவைத்து உண்டானதுதான் 'ஃப்ளீட்வுட் மேக்' என்ற ராக் குழு. 1967-ல் லண்டனில் ஆரம்பித்தது. அன்றைக்கு ஸ்டேடியத்தில் அவர்கள் பதிவுசெய்த பாட்டுக்கு 'டஸ்க்' என்று பெயர். அதே பெயரில் வந்த ஆல்பத்தின் கதைதான் நான் சொல்லப்போவது. அதற்கு இரண்டு வருஷம் பின்னால் போகவேண்டும்.

1977 பிப்ரவரியில் இந்தக் குழு 'ரூமர்ஸ்' என்று ஓர் ஆல்பம் வெளியிட்டது. 'வதந்திகள்' என்று அர்த்தம். குழுவில் ஐந்து பேர். பேஸ் கிடார் ஜானும், கீபோர்டு வாசித்துப் பாடும் கிறிஸ்டினும் புருஷன் பெண்டாட்டி. கிடாரிஸ்ட் லிண்ட்சே பக்கிங்காமும் பாடகி ஸ்டீவி நிக்ஸும் காதலர்கள். ஆல்பம் உருவான காலகட்டத்தில் இரண்டு ஜோடியும் பிரிந்துவிட்டது! டிரம்மர் மிக்கின் இல்லறமும் ஆட்டம் கண்டிருந்தது. ஒருத்தரை ஒருத்தர் திட்டிப் பாட்டு எழுதுவது, திட்டு வாங்கினவரே அதற்கு வாத்தியம் வாசிப்பது... இப்படி உருவான ஆல்பத்தை ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். அமெரிக்காவில் 31 வாரம் முதலிடம். ஒரே வருஷத்தில் ஒரு கோடி பிரதிகள். 1978-ல் கிராமி விருது. இன்றுவரை 4 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது.

இப்போது உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். நீங்கள் அந்தக் குழுவில் இருந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்? இன்னொரு 'ரூமர்ஸ்' போடுவீர்கள். நானும் அதைத்தான் செய்திருப்பேன். வார்னர் பிரதர்ஸ் கம்பெனி எதிர்பார்த்ததும் அதைத்தான்.

லிண்ட்சே மட்டும், 'முடியாது' என்றார்.

அது பங்க் இசை கொடிகட்டிப் பறந்த நேரம். நேற்று வந்த பையன்கள் மூணு நிமிஷப் பாட்டைப் படபடவென்று அடித்து, பழைய ராக் ஜாம்பவான்களைக் கிழவர்கள் ஆக்கிக்கொண்டிருந்தார்கள். லிண்ட்சேவுக்கு அந்த வேகம் பிடித்தது. தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டார். வீட்டிலேயே டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு தனியாகப் பதிவுசெய்ய ஆரம்பித்தார். எதிரொலி நன்றாக வருகிறது என்று பாத்ரூமில் உட்கார்ந்து பாடினார். முகம் துடைக்கும் காகிதம் வருகிற அட்டைப்பெட்டி இருக்கிறதே, அதைத் தட்டி டிரம்ஸாக்கினார்!

மற்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஆனால் குழுவின் நிர்வாகத்தையும் அப்போது கவனித்துக்கொண்டிருந்த மிக், லிண்ட்சே பக்கம் நின்றார். வேடிக்கை என்னவென்றால், ஒருபக்கம் பாத்ரூமில் செலவில்லாத பதிவு. மறுபக்கம் 'வில்லேஜ் ரெக்கார்டர்' ஸ்டூடியோவில் ஒரு வருஷம் மற்ற வேலைகள். பில் 10 லட்சம் டாலரைத் தாண்டியது. அதுவரை எந்த ராக் ஆல்பத்துக்கும் இவ்வளவு செலவானதில்லை என்று பத்திரிகைகள் எழுதின.

பாண்டு கோஷ்டி யோசனை மிக்குடையது. பிரான்ஸில் பார்ஃப்ளூர் என்ற சின்ன ஊருக்குப் போயிருந்தபோது, காலங்கார்த்தாலே உள்ளூர் பாண்டு தெருவில் வாசித்துக்கொண்டு போக, ஊரே பின்னால் போனதாம். 'இது நம்ம பாட்டில் இருந்தால்?' என்று தோன்றியிருக்கிறது. கச்சேரிக்கு முன்னால் சவுண்டு செக்கில் விளையாட்டாக வாசித்துக்கொண்டிருந்த ஒரு துண்டு மெட்டு, 112 பேரோடு 'டஸ்க்' ஆனது.

*

1979 அக்டோபரில் ஆல்பம் கடைக்கு வந்தது. இரண்டு இசைத்தட்டுகள், 20 பாடல்கள். முதல் பாட்டு கிறிஸ்டினுடையது. மெதுவான, இதமான பாட்டு. 'ஆகா, நம்ம ஃப்ளீட்வுட் மேக்' என்று ரசிகர் சாய்ந்து உட்காருவார். உடனே இரண்டாவது பாட்டு. லிண்ட்சே இரண்டே நிமிஷத்தில் கரகரவென்று ஏதோ முணுமுணுத்து, கிடாரை டங்டங்கென்று அடித்துவிட்டுப் போய்விடுவார். பாட்டா, ஒத்திகையா? இசைத்தட்டில் கீறலா? கேட்டவர்கள் திகைத்தார்கள்.

கம்பெனி அதிகாரிகளுக்கு முதல் தடவை போட்டுக் காட்டியபோது, தங்கள் கிறிஸ்துமஸ் போனஸ் ஜன்னல் வழியே பறந்து போவதை அவர்கள் பார்த்திருப்பார்கள் என்று பிற்பாடு லிண்ட்சே கிண்டலடித்தார்.

நிஜத்தில் எவ்வளவு விற்றது தெரியுமா? உலகம் முழுக்கச் சுமார் 40 லட்சம்! இங்கிலாந்தில் முதலிடம், அமெரிக்காவில் நாலாவது இடம். இரண்டு பாட்டுகள் அமெரிக்காவின் முதல் பத்துக்குள் வந்தன. வேறு எந்தக் குழுவாக இருந்தாலும் கேக் வெட்டியிருப்பார்கள். இவர்களுக்கோ இது 'தோல்வி'! ஏன்? பக்கத்தில் 'ரூமர்ஸ்' நின்றது. முதல் பரீட்சையில் நூறு வாங்கின பிள்ளை அடுத்ததில் எழுபது வாங்கினால் வீட்டில் என்ன நடக்கும்? அதேதான்.

பழி முழுக்க லிண்ட்சே தலையில் விழுந்தது. நியாயமாகப் பார்த்தால் வேறு காரணங்களும் உண்டு. இரட்டை ஆல்பத்தின் விலை கிட்டத்தட்ட 16 டாலர். அன்றைக்கு அது பெரிய தொகை. போதாக்குறைக்கு, கடைக்கு வருவதற்கு முன்பே ரேடியோவில் முழு ஆல்பத்தையும் ஒலிபரப்பிவிட்டார்கள். ஜனங்கள் சும்மாவா இருப்பார்கள்? கேசட்டில் இலவசமாகப் பிடித்துக்கொண்டார்கள். விற்பனை சரிந்ததற்கு மிக் இதைத்தான் குற்றம் சொன்னார்.

ஆனாலும் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. 'இனி இந்த மாதிரி வேலையெல்லாம் வேண்டாம்' என்று குழுவே லிண்ட்சேவிடம் சொல்லிவிட்டது. 1982-ல் வந்த 'மிராஜ்' சமர்த்தான ஆல்பம். அமெரிக்காவில் முதலிடம். 1987-ல் லிண்ட்சே வெளியேறினார்.

*

பிறகுதான் நிலைமை மெல்ல மாறியது. 'ரூமர்ஸ்' கேட்டு வளராத புதுத் தலைமுறை பழைய இசைத்தட்டுக் கடைகளில் 'டஸ்க்'கைக் கண்டெடுத்தது. அவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. 2002-ல் கேம்பர் வான் பீத்தோவன் என்ற ராக் குழு, முழு ஆல்பத்தையும் தாங்களே மறுபடி வாசித்து வெளியிட்டது. 'தோற்றுப்போன' ஆல்பத்துக்கு இப்படி ஒரு மரியாதை! 2004-லும் 2015-லும் கம்பெனியே விடுபட்ட பதிவுகளைச் சேர்த்து மறுவெளியீடு செய்தது. முதலில் வந்த சி.டி.யில் இடம் போதாமல் ஸ்டீவியின் 'சாரா' பாட்டை வெட்டியிருந்தார்கள். 2004-ல் அது முழுசாகத் திரும்பி வந்தது. இன்றைக்கு வீட்டு அறையில் பதிவுசெய்த பாட்டு சகஜம். அந்தக் கரகரப்பு இப்போது யாரையும் பயமுறுத்துவதில்லை.

ரசிகர்கள் நடுவே சண்டை தீர்ந்ததா என்றால், இல்லை! ஒரு கட்சி, 'வேண்டாததை வெட்டி ஒரே இசைத்தட்டாகப் போட்டிருந்தால் பிரமாதம்' என்கிறது. மறு கட்சி, 'கிறிஸ்டினின் ஆறு, ஸ்டீவியின் ஐந்து, லிண்ட்சேவின் ஒன்பது – எல்லாம் மோதுவதில்தான் அழகே' என்கிறது. நான் இரண்டாவது கட்சி. அந்த இதமான பாட்டுகள் பக்கத்தில் இருப்பதால்தான் லிண்ட்சேவின் கோபம் கோபமாகக் கேட்கிறது. ஒன்றிரண்டு பாட்டு அரைவேக்காடு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. பாராட்டு வந்து சேர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. திரும்பி வந்து சேர்ந்த லிண்ட்சேவை 2018-ல் குழு நீக்கியது. 2022-ல் கிறிஸ்டின் காலமானார். 1980-லேயே யாராவது 'சபாஷ், இன்னொன்று செய்' என்று தோளில் தட்டியிருந்தால், அடுத்து என்ன வந்திருக்கும்? மறுமதிப்பீடு இசைத்தட்டைக் காப்பாற்றும். அன்றைக்கு அடங்கிப்போன துணிச்சலைத் திருப்பித் தராது.

ஆல்பத்தின் அட்டையில் ஒரு நாய், யாரோ ஒருவருடைய பேன்ட் நுனியைக் கவ்வி இழுக்கிறது. உள்ளே பொடி எழுத்தில், 'லிண்ட்சேவுக்குக் குழுவின் சிறப்பு நன்றி' என்று ஒரு வரி. நன்றி சொன்ன கையோடு, 'இனிமேல் வேண்டாம்' என்றும் சொல்லிவிட்டார்கள்!