கயிறு திரித்தவரும் ராட்டை சுற்றியவரும்



கையால் செய்யும் தொழிலிலே இறைவனைக் காண முடியுமா? முடியும் என்று சொல்லி, அதற்காக உயிரையும் கொடுத்த ஒரு கூட்டம் தமிழகத்தின் அண்டை வீடான கன்னட நாட்டில் வாழ்ந்தது. காலம் 12-ஆம் நூற்றாண்டு. ஊர் கல்யாண நகரம். இன்று கர்நாடகத்தின் பீதர் மாவட்டத்தில் பசவகல்யாண் என்ற பெயரில் இருக்கிறது.

அங்கே பிஜ்ஜள மன்னனிடம் அமைச்சராக இருந்தவர் பசவண்ணர். பிறப்பால் அந்தணர். ஆனால் அவரைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் யார் தெரியுமா? ஓடம் விட்டவர், துணி வெளுத்தவர், செருப்புத் தைத்தவர், நூல் நூற்ற பெண். இவர்கள் பாடியவை 'வசனங்கள்'. சமஸ்கிருதத்தில் அல்ல, சந்தையில் பேசும் கன்னடத்தில்.

இவர்கள் தொழிலுக்கு வைத்த பெயர் 'காயகம்'. காயம் என்றால் உடல். அது நமக்கும் பழகிய சொல்தான். உடல் உழைத்துச் செய்யும் வேலையே பூசை. அதில் வந்ததைப் பிறரோடு பகிர்ந்து உண்பது 'தாசோகம்'. இரண்டும் சேர்ந்தால்தான் பக்தி.

நுலிய சந்தய்யா என்பவர் புல் அறுத்துக் கயிறு திரித்து விற்றவர். ஒரு நாள் ஏரியில் புல் அறுக்கும்போது உடலில் அணிந்திருந்த லிங்கம் தண்ணீரில் விழுந்துவிட்டது. அவர் தேடவில்லை. புல் கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார். லிங்கமே பின்னால் வந்து தன்னை ஏற்றுக்கொள்ளும்படி கெஞ்சியது என்கிறது கதை! கடைசியில் வண்ணார் மடிவாள மாச்சய்யா வந்து சமரசம் செய்து வைத்தார். கதைதான், ஆனால் இப்படி ஒரு கதையைச் சொல்ல அந்த மக்களுக்கு எவ்வளவு துணிச்சல் இருந்திருக்க வேண்டும்!

உழைப்பு என்றால் குவிப்பதும் அல்ல. சிந்திய அரிசியைப் பொறுக்கி வாழ்ந்த ஆய்தக்கி மாரய்யா ஒரு நாள் வழக்கத்துக்கு மேல் அரிசி கொண்டுவந்தார். மனைவி லக்கம்மா அவரைத் திட்டி, மிச்சத்தைத் திரும்பக் கொட்டிவிட்டு வரச் சொன்னார். நம் வீடுகளில் இது நடக்குமா என்று கேட்காதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தவர் கதிரெ ரெம்மவ்வே. கதிர் என்றால் நூற்கும் ராட்டையின் கதிர்தான். தான் சுற்றும் ராட்டையின் ஒவ்வொரு பாகத்திலும் ஒரு தெய்வத்தைக் கண்டார்: அடிப்பலகை பிரமன், மேலே திருமால், நிற்கும் பொம்மை உருத்திரன். கோயில் கருவறைக்குள் நுழைய முடியாதவருக்குக் கை எட்டும் தூரத்திலேயே மூவரும் கிடைத்துவிட்டார்கள்.

தமிழர்களுக்கு இதில் பங்கு உண்டு. குயவரான திருநீலகண்டர், வண்ணாரான திருக்குறிப்புத் தொண்டர், நெசவாளரான நேசர் ஆகியோர் அடங்கிய நம் அறுபத்து மூவரைத்தான் அந்தக் கன்னட அடியார்கள் 'புராதனர்' என்று கொண்டாடினார்கள். சேக்கிழார் பெரிய புராணம் பாடியதும் அதே நூற்றாண்டில்தான்.

ஆனால் தொழிலெல்லாம் சமம் என்று பாடுவது வேறு, அதன்படி வாழ்வது வேறு. செருப்புத் தைத்த அரளய்யாவின் மகனுக்கும் அந்தண குலத்து மதுவரசரின் மகளுக்கும் கல்யாண நகரில் திருமணம் நடந்தது. மணமக்களின் தந்தையர் இருவரும் கொடூரமாகக் கொல்லப்பட்டதாக மரபு சொல்கிறது. ஊரில் கலகம் மூண்டது. 1167-ஆம் ஆண்டு வாக்கில் பிஜ்ஜளனின் ஆட்சி முடிந்தது. பசவண்ணர் கூடல சங்கமத்தில் மறைந்தார். அடியார்கள் திசைக்கு ஒருவராகச் சிதறினார்கள்.

போகும்போது அவர்கள் சுமந்து சென்றவை ஓலைச் சுவடிகள். பல நூற்றாண்டுகள் மடங்களிலும் வீட்டுப் பரண்களிலும் அவை கிடந்தன. பிஜாப்பூரில் வழக்கறிஞராக இருந்த ப.கு. ஹளகட்டி (1880-1964) அவற்றை ஊர் ஊராகத் தேடித் திரட்டினார். 1923-இல் முதல் தொகுப்பை வெளியிட்டார். பிறகு சொந்தமாக அச்சகமே வைத்தார். அரசனின் அமைச்சர் பாடியதும், ராட்டை சுற்றிய ரெம்மவ்வே பாடிய ஒரு சில வசனங்களும் இன்று ஒரே நூல் வரிசையில் படிக்கக் கிடைக்கின்றன.