ஹீட்

வெப்பத்தைக் குறிக்கும் 'ஹீட்' மிகப் பழைய ஆங்கிலச் சொல். 'ஹாட்' அதன் உடன்பிறப்பு, ஜெர்மன் 'ஹிட்சே' நெருங்கிய உறவு. ஓட்டப்பந்தயத்தின் தகுதிச் சுற்றுக்கு ஏன் இந்தப் பெயர்? பந்தயத்துக்கு முன் குதிரையின் உடலைச் சூடேற்ற ஓடவிட்ட ஓட்டம்தான் முதலில் 'ஹீட்'. பிறகு அதிலிருந்தே பந்தயச் சுற்றுக்கும் அந்தப் பெயர் வந்திருக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது உருக்காலை வழக்கு. உலையில் ஒரே தடவையில் உருக்கி எடுக்கும் எஃகு முழுவதும் ஒரு 'ஹீட்'. அதற்கென்று தனி எண் தருவார்கள். பின்னாளில் எஃகில் குறை தெரிந்தால், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அது எந்த உருக்கில் பிறந்தது என்பதுவரை போய்விடலாம். மிளகாயின் காரமும், மாடு பருவத்துக்கு வருவதும் இதே சொல்தான். அமெரிக்கக் கொச்சையில் போலீசும் 'ஹீட்'.