தாமிரபரணிக் கரையில் இசைத்தட்டு

இசைத்தட்டு என்பது ஒலி அதிர்வுகளை வட்டத் தட்டின் மேல் சுருள் பள்ளமாகப் பதிந்து, ஊசியின் வழியாக மீண்டும் ஒலிக்கச் செய்யும் சாதனம். தமிழ்நாட்டில் இது கிராமபோன் தட்டு, பிளேட், ரிக்கார்டு என்றும் அழைக்கப்பட்டது. கோயில், சபை, கல்யாணப் பந்தல் ஆகிய இடங்களில் மட்டும் கேட்கக் கிடைத்த கர்நாடக இசை, வானொலிக்கு முன்பே இதன் வழியாக வீட்டுக்குள் வந்தது. திருநெல்வேலியும் தாமிரபரணி பாயும் ஊர்களும் இவ்வரலாற்றில் தனி இடம் பெறுகின்றன. இப்பகுதியில் பாட்டுகளைக் காத்தது அச்சு நூல். பாடியவர், வாசித்தவரின் ஒலியைக் காத்தது இசைத்தட்டு.

ஏட்டில் நின்ற பாட்டு

முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் எட்டயபுரத்தில் காலமானார். எட்டயபுரம் அன்றைய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தது. தீட்சிதர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்திலிருந்து 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெருநூலைத் தெலுங்கு எழுத்தில் வெளியிட்டார். கீர்த்தனைகளின் சுரங்களோடு கமகங்களுக்கும் குறியீடுகள் கொடுத்தது அந்நூலின் சிறப்பு. பின்னர், தாமிரபரணிக் கரையில் உள்ள கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்த அ. சுந்தரம் ஐயர் தீட்சிதர் கீர்த்தனைகளைச் சுரக்குறிப்புடன் பல தொகுதிகளாகப் பதிப்பித்தார்.

ஆனால் சுரக்குறிப்பு கீர்த்தனையின் அமைப்பையே காக்கும். ராக ஆலாபனை, நிரவல், கற்பனைச் சுரம் ஆகியவை அந்த நேரத்தில் மனோதர்மத்தால் பிறப்பவை. வாசித்து முடித்ததும் காற்றில் கலந்துவிடுபவை. பாடுபவரின் குரலையோ நாதஸ்வரக்காரரின் மூச்சையோ எந்தக் குறியீடும் எழுதிக்காட்ட இயலாது. அந்த இடத்தை நிரப்பியது இசைத்தட்டு.

அரக்குத் தட்டின் வருகை

எமில் பெர்லினர் 1887-இல் கிராமபோனுக்குக் காப்புரிமை கோரினார். கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பெர்க் 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் உள்ளிட்டோரின் பாடல்களைப் பதிவு செய்தார். தொடக்கத்தில் தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகரில் அச்சிடப்பட்டுக் கப்பலில் இந்தியா வந்தன. 1908-இல் கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை தொடங்கியது. தட்டுக்கு வேண்டிய முக்கியப் பொருளான அரக்கு இந்தியாவிலிருந்தே உலகெங்கும் சென்றது.

1925 வரை ஒலிவாங்கி இல்லாமல், பெரிய கூம்புக் குழலின் முன் நின்று பாடியே பதிவு செய்தார்கள். உரத்த குரலும் கூர்மையான ஒலியும் நன்கு பதிந்தன; தாழ்ந்த ஒலிகள் மங்கின. மின்முறைப் பதிவு வந்த பிறகே பக்கவாத்தியங்களும் ஓரளவு தெளிவாகக் கேட்டன.

மூன்று நிமிடக் கச்சேரி

நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடமே பதிய முடியும். ஒரு மணி நேரம் விரியும் ஆலாபனையும் அதற்குள் அடங்க வேண்டும். விளம்ப காலத்தில் அமைந்த தீட்சிதர் கீர்த்தனைகளுக்கு இது பெரும் இடைஞ்சல். காலத்தைக் கூட்டிப் பாடுவது, சங்கதிகளைக் குறைப்பது, ஒரே பாட்டை இரு பக்கங்களாகப் பிரிப்பது என்று கலைஞர்கள் வழி கண்டார்கள்.

இக்கட்டுப்பாட்டால் ஒரு நன்மையும் விளைந்தது. ராகத்தின் முகம் முதல் சில நொடிகளிலேயே தெரிந்தாக வேண்டியிருந்தது. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) வாசித்த தோடி ராக இசைத்தட்டு இதற்குப் புகழ்பெற்ற சான்று. கோயில் வீதியில் இரவு முழுதும் வாசிக்கப்பட்ட இசையை, கச்சேரிக்குப் போக வாய்ப்பில்லாதவர்களும் வீட்டில் கேட்டார்கள். ஒரே பிடியைப் பத்து முறை திரும்பக் கேட்டுக் கற்கும் வாய்ப்பும் முதன்முறையாகக் கிடைத்தது.

செங்கோட்டையும் காருகுறிச்சியும்

தாமிரபரணியின் துணையாறு சிற்றாறு. அதன் தலைப்பகுதியை ஒட்டிய செங்கோட்டையில் பிறந்தவர் எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933). ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில் உச்ச ஸ்தாயியில் பாடிப் புகழ்பெற்றார். தியாகராஜரின் 'எவரனி' அவருடைய புகழ்பெற்ற இசைத்தட்டுகளுள் ஒன்று. 27 வயதில் மறைந்த அவர் பேசும்படக் காலம் வேரூன்றும் முன்பே போய்விட்டார். இன்று அவர் குரல் என்று நாம் அறிவதெல்லாம் அந்த அரக்குத் தட்டுகளில் எஞ்சியதே.

சேரன்மகாதேவிக்கு அருகில் உள்ள காருகுறிச்சியில் 1921-இல் பிறந்தவர் நாதஸ்வரக் கலைஞர் பி. அருணாசலம். ராஜரத்தினம் பிள்ளையின் மாணவரான இவர் பிற்காலத்தில் கோவில்பட்டியில் வாழ்ந்தார். 1962-இல் வெளியான 'கொஞ்சும் சலங்கை' திரைப்படத்தில், எஸ். எம். சுப்பையா நாயுடு இசையில் எஸ். ஜானகி பாடிய 'சிங்காரவேலனே தேவா' பாடலுக்கு நாதஸ்வரம் வாசித்தார். ஆபேரி ராகத்தில் அமைந்த அப்பாடல் இசைத்தட்டாகவும் வானொலி வழியாகவும் தமிழ்நாடெங்கும் பரவியது. இரண்டே ஆண்டுகளில், 1964-இல், அருணாசலம் மறைந்தார். அவர் புகழ் ஒரு சில நிமிடத் திரைப்பாடலில் நிற்பதாகப் பலர் கருதுவதுண்டு. விரிவான அவருடைய ராக வாசிப்பை அறிய வானொலிப் பதிவுகளையும் கச்சேரிப் பதிவுகளையும் நாட வேண்டும்.

வீட்டுக் கருவிகள்

முதல் கிராமபோன் பெட்டிகளுக்கு மின்சாரம் தேவையில்லை. கைப்பிடியைச் சுற்றிச் சாவி கொடுத்தால் வில்சுருள் தட்டைச் சுழற்றும். எஃகு ஊசியை ஒரு பக்கம் ஓடியதும் மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் தேய்ந்த ஊசி பள்ளத்தை அரித்துவிடும். இன்று கிடைக்கும் பழைய தட்டுகளின் கரகரப்புக்கு இதுவே முக்கியக் காரணம்.

1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் வினைல் நெடுந்தட்டை அறிமுகம் செய்தது. நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் 20 நிமிடத்துக்கு மேல் ஓடும். ராகம், கீர்த்தனை, நிரவல், சுரம் என்ற கச்சேரி வரிசை ஒரே பக்கத்தில் அமைய இடம் கிடைத்தது. எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963-இல் நெடுந்தட்டாக வந்து விடியற்காலை வழக்கமாகவே ஆனது.

இந்தியாவில் எச். எம். வி. நிறுவனத்தின் 'பியஸ்டா', 'காலிப்ஸோ' போன்ற கைப்பெட்டி ரிக்கார்டு பிளேயர்கள் நடுத்தர வீடுகளுக்கு வந்தன. வசதியுள்ளவர்கள் வானொலியும் ரிக்கார்டு பிளேயரும் ஒரே மரப்பெட்டியில் அமைந்த ரேடியோகிராம் வைத்திருந்தார்கள். தட்டு வாங்க இயலாதவர்களுக்குக் கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் மைக் செட்காரர்கள் குழாய் ஒலிபெருக்கியில் போட்ட தட்டுகளே இசை. 1963-இல் திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கியது. அதற்கு முன்பிருந்தே இலங்கை வானொலியும் இசைத்தட்டுகளைத் தென்மாவட்டங்களில் ஒலிக்கச் செய்தது. 1980-களில் ஒலிநாடா பரவியதும் ரிக்கார்டு பிளேயர்கள் பரணுக்கு ஏறின.

வேகமும் சுருதியும்

பழைய தட்டைப் புதிய கருவியில் ஓட்டுபவர்கள் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது ஊசி. 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகலமானது. நெடுந்தட்டுக்குரிய நுண்ணூசி அதன் அடியில் உரசி இரைச்சலையே எடுக்கும். அகல ஊசி தனியாக வேண்டும்.

இரண்டாவது வேகம். பெயர் 78 என்றாலும் தொடக்ககாலத் தட்டுகள் எல்லாம் ஒரே வேகத்தில் பதிவானவை அல்ல. 78-க்குப் பதிலாக 82½ சுற்றில் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை கூடிவிடும். கர்நாடக இசையில் இது சிறு பிழையாகாது. திமிரி என்னும் உயர்சுருதி நாயனம் வழங்கிய காலத்தில், தாழ்ந்த சுருதியுள்ள நீண்ட பாரி நாயனத்தைப் பரவச் செய்தவர் ராஜரத்தினம் பிள்ளை. தட்டு வேகமாக ஓடினால் பாரியின் கனம் குறைந்து திமிரியின் கூர்மை பக்கம் சாயும். கிட்டப்பா எந்தக் கட்டையில் பாடினார் என்று தட்டைக் கேட்டு முடிவு சொல்வதற்கும் முதலில் அதன் வேகம் தெரிய வேண்டும்.

இன்றைய நிலை

அரக்குத் தட்டு கைதவறினால் உடையும். ஈரத்தில் பூஞ்சை படரும். சாராயம் கலந்த திரவத்தால் துடைத்தால் அரக்கு கரையும். வினைல் தட்டு எளிதில் உடையாது. ஆனால் வெயிலில் நெளியும். இரண்டையும் படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி வைப்பதே முறை. 2023 டிசம்பர் 17, 18 நாட்களின் பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலி நகரத் தெருக்கள் வரை வெள்ளம் வந்தது. கரையோர வீடுகளின் அலமாரியில் இருக்கும் தட்டுகளுக்கு ஆறே ஓர் ஆபத்து என்பதை அது காட்டியது.

சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நூல்களோடு இசைத்தட்டுகளையும் பாதுகாக்கிறது. வி. ஏ. கே. ரங்காராவ் போன்ற சேகரிப்பாளர்கள் பல்லாயிரம் 78 சுற்றுத் தட்டுகளைத் திரட்டினார்கள். மும்பையின் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் 1990 முதல் இத்துறையில் இயங்குகிறது. இருப்பினும் எந்தத் தட்டு எந்த வீட்டில் இருக்கிறது என்பது பெரும்பாலும் அந்த வீட்டாருக்கே தெரியும். அட்டையில் உள்ள பெயர், தட்டின் எண், பதிவின் வேகம் ஆகியவற்றைக் குறித்து, ஒருமுறை சரியான ஊசியில் ஓட்டி எண்ணிம வடிவில் சேமிப்பது ஒவ்வொரு வீட்டாரும் செய்யக்கூடிய பணி. தீட்சிதர் கீர்த்தனையின் ஒரு பிரதி அழிந்தால் மறுபடி அச்சிடலாம். கடைசித் தட்டு உடைந்தால் அதில் இருந்த ஆலாபனையை மீண்டும் எழுதிக்கொள்ள வழியில்லை.