எஞ்சினுக்கு மூச்சளித்தோர்

உயர்ந்த மலைமேல் ஏறுவோருக்கு மூச்சு வாங்குவதை அறிவீர்கள். விமான எஞ்சினுக்கும் அத்துன்பம் உண்டு. ஏறத்தாழ 18,000 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதியே. காற்றுக் குறைந்தால் எரியும் பெட்ரோலும் குறையும்; வலிமையும் குன்றும். இரண்டாம் உலகப் போரிலோ, வானில் மேலே இருந்தவனுக்கே வெற்றி வாய்ப்பு மிகுதி. ஆகவே, காற்றை அழுத்தி எஞ்சினுக்கு ஊட்டும் 'சூப்பர்சார்ஜர்' இன்றியமையாததாயிற்று.

அதனைச் சுழற்றுவது எங்ஙனம்? எஞ்சினோடு பற்சக்கரங்களால் இணைப்பது எளிய வழி. 1940இல் பிரிட்டனைக் காத்த ஸ்பிட்பயர் விமானங்களின் மெர்லின் எஞ்சினில் இம்முறையே இருந்தது. ஆனால் அதன் வேக விகிதம் ஒன்றே. உயரத்தில் தேவைப்படும் வேகம் தரையருகே மிகையன்றோ? அங்கே எஞ்சினின் வலிமையில் ஒரு பகுதி வீணாயிற்று.

இக்குறை நீங்க ஜெர்மானியர் எண்ணெயை நாடினர். அவர்களுடைய டெய்ம்லர்-பென்ஸ் 601 எஞ்சினில், ஒன்றையொன்று தொடாத இரு துடுப்புச் சக்கரங்களுக்கிடையே எண்ணெயே விசையைக் கடத்தியது. விமானம் உயர உயர எண்ணெய் பெருகி, வேகமும் படிப்படியாகக் கூடியது. எனினும் வலிமையில் சிறிது எண்ணெயின் சூடாகக் கழிந்தது.

அமெரிக்கரோ வெளியேறும் புகையையே வேலை வாங்கினர். சான்போர்டு மாஸ் என்பார் 1918இல் கொலராடோவின் பைக்ஸ் சிகரத்தில், 14,000 அடிக்கு மேல், இதனைச் சோதித்துக் காட்டினார். பின்னர் பி-17 குண்டுவீச்சு விமானம் இதனாலேயே மிக உயரத்தில் பறந்தது. ஆயினும் குழாய்களும் பாரமும் மிகுந்தன.

1941இல் ஜெர்மனியின் போக்கே-வுல்ப் 190 தோன்றியதும் ஸ்பிட்பயர் விமானிகள் திணறினர். அப்போது ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தார் மெர்லினில் இரண்டு சக்கரங்களை அடுத்தடுத்து அமைத்து, இரண்டு வேக விகிதங்களையும் தந்தனர். அழுத்தத்தால் சூடேறிய காற்றைக் குளிர்வித்தும் அனுப்பினர். இப்பணியில் முன்னின்ற ஸ்டான்லி ஹுக்கர், 1938இல் அங்கே சேரும்வரை எஞ்சின் தொழில் அறியாத கணித வல்லுநர்! எஞ்சினின் கொள்ளளவு முன்போல் 27 லிட்டரே. ஆயினும் 1942இல் வந்த ஒன்பதாம் வகை ஸ்பிட்பயர் பகைவனுக்கு ஈடுகொடுத்தது. கணக்கேட்டில் தீர்ந்த ஒரு சிக்கல், வானில் பல இளைஞரின் உயிரைக் காத்தது.

ஒரே வினா, விடைகள் பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. அவ்விலையை அறிந்து தேர்வதே பொறியியல். இன்று மலைப்பாதையில் பாரத்துடன் ஏறும் லாரியின் எஞ்சினிலும், வெளியேறும் புகையே காற்றை ஊட்டுகிறது. போரில் முதிர்ந்த அறிவு அமைதியிலும் பயன்படுவது நமக்கு ஆறுதலன்றோ!