கில்: தேவாலயமா, காடா?

அயர்லாந்தில் கில்னமானா என்ற பெயரில் டப்ளின் பக்கம் ஒரு இடமும் டிப்பரரியில் இன்னொரு இடமும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல். ஐரிஷில் முதலாவது துறவிகளின் தேவாலயம், இரண்டாவது துறவிகளின் காடு. தேவாலயத்துக்கு 'கில்', காட்டுக்கு 'கைல்'. ஆங்கிலத்தில் எழுதினவங்க ரெண்டையும் ஒரே 'கில்'லுக்குள் அடைத்துவிட்டார்கள். ஒரு உயிரெழுத்து போனதில் காடே காணாமல் போச்சு.

இதைச் செய்தது யார்? பிரையன் ஃப்ரியலின் 'டிரான்ஸ்லேஷன்ஸ்' (1980) நாடகத்தைப் பார்த்தவர்கள் சட்டென்று பதில் சொல்வார்கள்: வரைபடம் போட வந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள். நாடகம் அருமையானது. ஆனா வரலாறு இன்னும் கொஞ்சம் சிக்கலானது.

1824இல் நில அளவை தொடங்கியது வரிக்காக. 'டவுன்லேண்ட்' என்ற சின்னச் சின்ன நிலப்பிரிவுகள், 60,000க்கும் மேல். ஒவ்வொன்றையும் ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் வரைய வேண்டும். அளந்துவிடலாம், பெயரை எப்படி எழுதுவது? அயர்லாந்து முழுக்க நிலம் பிடுங்கப்பட்ட 17ஆம் நூற்றாண்டிலிருந்தே, ஐரிஷ் தெரியாத எழுத்தர்கள் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதிவைத்திருந்தார்கள். ஒரே இடத்துக்குப் பல எழுத்துக்கூட்டல்கள். அதாவது, சிப்பாய்கள் வருவதற்கு முன்பே பெயர்கள் சிதைந்துவிட்டன.

பெயர்களை ஒழுங்குசெய்ய 1830இல் வேலைக்குச் சேர்ந்தவர் ஜான் ஓ'டோனவன், கில்கென்னி விவசாயி மகன். பழைய சுவடிகளைப் படித்தார். 1834 முதல் மாவட்டம் மாவட்டமாகப் போய், பெரியவர்களை உட்காரவைத்து அவர்கள் வாயால் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பெயரேடுகளில் கிடைத்த எழுத்துக்கூட்டல்களை ஆதாரத்தோடு வரிசையாக எழுதி, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கூடவே ஐரிஷ் வடிவத்தையும் குறித்தார்கள்.

வரி போட ஒரு எழுத்துக்கூட்டல் போதும். அர்த்தம் யாருக்கு வேணும்? வரைபடத்திலும் ஆங்கில வடிவம் மட்டுமே அச்சானது. ஐரிஷ் வடிவம் ஏட்டிலேயே தங்கிவிட்டது. என்னைப் போல மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது பழகின விஷயம்தான்: பயனருக்குத் தேவையில்லை என்று ஒரு தகவலைத் திரையில் காட்டாமல் விடுவோம். ஆனால் திரையில் மறைப்பது வேறு, தரவிலிருந்தே அழிப்பது வேறு. ஓ'டோனவன் அழிக்கவிடவில்லை.

அதன் மதிப்பு சீக்கிரமே தெரிந்தது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்து வந்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதே அளவுக்கு நாட்டைவிட்டுப் போனார்கள். அதிகம் அடிபட்டது ஐரிஷ் பேசின மேற்குப் பகுதி ஏழைகள். பல ஊர்களில் அந்தப் பெயரைச் சரியாக உச்சரிக்கவே ஆள் இல்லாமல் போனது.

இன்று ஐரிஷ் அரசின் இடப்பெயர் ஆய்வாளர்கள் ஒரு 'கில்' தேவாலயமா காடா என்று முடிவுசெய்யப் பார்க்கும் சான்றுகளில் அந்தப் பெயரேடுகளும் உண்டு. ஏடுகளுக்குக் காசு கொடுத்தது வரி வாங்க வந்த அரசாங்கம்தான். அதற்காக அதை மன்னிக்கணும்னு இல்லை. ஆனா அந்த அரசாங்கத்திடம் சம்பளம் வாங்கின ஒருத்தர், வேலைக்குத் தேவையானதைவிட அதிகமாக எழுதிவைத்தார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.